மாமியார் வீடு என்றால் மாமியார் வீடு

திருந்தாத ஆட்களைத் திருத்துவதற்கென்று அந்த ஊரில் ஒரே கட்டடத்தில் இரண்டு துறைகள் இருந்தன. கீழ்த்தளத்தில் சிறைத் துறை. மேல்தளத்தில் சமூகப் பணித் தண்டனைத் துறை. செய்த தப்பையே திரும்பத் திரும்பச் செய்கிறவனைப் பூட்டி வைத்தால் புத்தி வரும் என்பது கீழ்த்தளத்தின் கட்சி. அவன் கையில் துடைப்பத்தைக் கொடுத்து ஊரைக் கூட்டச் சொன்னால் புத்தி வரும் என்பது மேல்தளத்தின் கட்சி. எவனுக்காவது புத்தி வந்ததா என்று கேட்டால் இரண்டு தளங்களிலும் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

ஆனால் ஆண்டு தவறாமல் ஆளுக்கொரு பளபளப்பான அறிக்கை அச்சடிப்பார்கள். எங்கள் கையில் வந்து போனவர்களில் மறுபடி தப்பு செய்தவர்கள் அவர்களுடையதைவிடக் குறைவு என்று இரண்டிலும் போட்டிருக்கும். அது எப்படி ஐயா இரண்டும் உண்மையாகும் என்று கேட்காதீர்கள். மறுபடி மாட்டுகிறவனை "இவன் கீழே இருந்தப்போ கெட்டவன்" என்று மேல்தளம் தள்ளிவிடும். "மேலே செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டாங்க" என்று கீழ்த்தளம் திருப்பித் தள்ளிவிடும். தள்ளுகிற வேலைக்குத்தான் அங்கே ஆள் அதிகம். திருத்துகிற வேலையைப் பார்க்க யாருக்கும் நேரம் கிடைத்ததில்லை.

இந்த இரண்டு தளங்களுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவன்தான் பைப்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு உண்டு. அதை நீதிமன்றத்தில் மட்டும்தான் கூப்பிடுவார்கள். தொழில், குழாய் மாட்டுவது. உபதொழில், மாட்டிய குழாயைக் கழற்றுவது. பகலில் ஏதாவது ஓர் அரசாங்கக் கட்டடத்தில் பித்தளைக் குழாய் மாட்டிவிட்டு வருவான். கொஞ்ச நாள் கழித்துப் போய் அதே குழாயைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடுவான். தனியார் வீடுகளில் கைவைத்ததே இல்லை. "வீட்டுக் குழாய்ல கை வெச்சா பாவம் சார், குடும்பம் கஷ்டப்படும்" என்று நீதிபதியிடமே சொல்லியிருக்கிறான். இதற்காகவே பலமுறை உள்ளே போய்விட்டு வந்தவன்.

மகன் பிறந்த பிறகு அவன் கழற்றுவதை விட்டுவிட்டான். யாரும் திருத்தவில்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்தான், விட்டுவிட்டான், அவ்வளவுதான். ஆனால் விட்டவனைச் சட்டம் விடுமா? பேருந்து நிலையக் கழிப்பறையில் எப்போதோ கழற்றிய குழாய்களுக்கான வழக்கு இப்போதுதான் தீர்ப்புக்கு வந்தது. நீதிபதி அவனைப் பார்த்து அலுத்துப்போனவர். "உன்னை உள்ள அனுப்பி அனுப்பி எனக்குக் கை வலிக்குது. இந்தத் தடவை சமூகப் பணி" என்று சொல்லிவிட்டார். பணியில் ஒரு நாள் பிசகினாலும் மிச்சத் தண்டனை முழுவதும் சிறையில்.

மனைவியும் குழந்தையும் அப்போது அவளுடைய அம்மா வீட்டில் இருந்தார்கள். மாமியார் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிறவள். வீடு முழுக்கத் துணிக்கட்டு. ஜன்னலுக்கெல்லாம் கம்பி, வாசலில் இரும்புக் கேட்டு, கேட்டில் கனத்த பூட்டு. மருமகன் வந்துவிட்டுப் போனால் வீட்டிலுள்ள குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பாள். அவனை ஒரு நாளும் மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. தீர்ப்பு வந்த அன்று கேட்டுக்கு உள்ளே நின்றபடியே சொன்னாள்:

"தண்டனைய ஒழுங்கா முடிச்சிட்டு வந்து பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிட்டுப் போ. நடுவுல ஒரு தடவை உள்ள போன, அவங்கள மறந்துடு. என் பொண்ணு ஜெயில் வாசல்ல நின்னது போதும்."

பைப்புவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, சுண்ணாம்பு அடித்து, குழந்தைக்கு ஒரு தொட்டிலும் வாங்கிப் போட்டுவிட்டு, துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு தண்டனைக்குப் புறப்பட்டான்.

துறைக்கு நகைச்சுவை உணர்ச்சி கிடையாது. ஆனாலும் அவனை அனுப்பிய இடம் அதே பேருந்து நிலையக் கழிப்பறை.

"சார், தண்ணி வரலை" என்றான் நன்னடத்தை அலுவலரிடம். அவர் மேல்தளத்தில் வேலை பார்க்கிற, நல்லவராக இருக்க ஆசைப்பட்டும் ஓய்வூதியத்தை நினைத்துப் பயப்படுகிற மனிதர்.

"குழாய் எங்கப்பா?"

"நான்தான் சார் கழட்டிட்டேன். அதுக்குத்தானே இந்தத் தண்டனை. விடுங்க, பழைய குழாய் என்கிட்ட ரெண்டு மூணு கிடக்கு. மாட்டிடறேன்."

அலுவலருக்கு இது நல்ல யோசனையாகப் பட்டது. நல்ல யோசனை என்பதால் இயக்குநரிடம் அனுமதி கேட்க வேண்டியதாயிற்று. இயக்குநர் பல நாடுகளில் பயிற்சி பெற்றுவந்தவர். குற்றவாளிகளின் மனத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். குற்றவாளி யாராவது அறைக்குள் வந்தால் மட்டும் ஜன்னலைத் திறந்துவிடச் சொல்வார்.

"குழாய் மாட்டக் கூடாது" என்றார். "தெரிஞ்ச வேலையச் செஞ்சா அது தொழில். தெரியாத வேலையச் செஞ்சாத்தான் தண்டனை. அவன் கழுவட்டும்."

"தண்ணி இல்லாம எப்படி சார் கழுவுறது?"

"நாம சுத்தம் பண்ணச் சொல்றது கழிப்பறையை இல்ல, அவன் மனசை. அதுக்குத் தண்ணி எதுக்கு?"

ஆகவே பைப்பு காய்ந்த தரையைக் காய்ந்த துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருந்தான். 'நான் திருந்திக்கொண்டிருக்கிறேன்' என்று எழுதிய மஞ்சள் சட்டை ஒன்றை அவனுக்கு மாட்டிவிட்டிருந்தார்கள். அதோடு ஒரு சடங்கும் இருந்தது. கழிப்பறையிலிருந்து வெளியே வருகிற ஒவ்வொருவரையும் கும்பிட்டு, "என்னைத் திருத்துவதற்கு நன்றி" என்று சொல்ல வேண்டும். அவசரமாகப் பேருந்து பிடிக்க ஓடுகிறவர்கள் மிரண்டுபோனார்கள். ஒரு பெரியவர் மட்டும் நின்று, "நான் என்னப்பா திருத்தினேன்? வந்த வேலையப் பார்த்துட்டுப் போறேன்" என்று கூச்சத்தோடு சொல்லிவிட்டுப் போனார். துறை செய்ததும் அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் துறைக்கு அந்தக் கூச்சம் வரவில்லை.

பைப்பு எதற்கும் முகம் சுளிக்கவில்லை. மழை வந்தாலும் போனான், காய்ச்சல் வந்தாலும் போனான். தண்டனை முடியக் கொஞ்ச நாள்தான் இருக்கிறது என்ற சமயத்தில் ஒரு சனிக்கிழமை மாமியாரிடமிருந்து போன் வந்தது.

"மாப்ள, நாளைக்கு லீவு தானே? வீட்டுக்கு வாங்க. பிள்ளை தவழ ஆரம்பிச்சுட்டான். ராத்திரி தங்கிட்டுப் போகலாம்."

யாரைக் கூப்பிடுகிறாள் என்று பைப்பு பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. அவனைத்தான். அன்று முழுக்க அவன் கால் தரையில் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனான். மாமியார் அவன் பையைத் திறந்து பார்த்தாள், பழக்கதோஷம். குழந்தை தூங்குகிறது என்று போனை வாங்கி அணைத்து அலமாரியில் வைத்தாள். ஒழுகிக்கொண்டிருந்த ஒரு குழாயைக் காட்டிச் சரிசெய்யச் சொன்னாள். சாப்பாட்டை அவளே பரிமாறினாள், அவன் போதும் போதும் என்ற பிறகும் வைத்தாள். மகன் தவழ்ந்துவந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தான். பைப்பு அழுதுவிட்டான். மனைவி பார்த்துச் சிரித்தாள்.

திங்கட்கிழமை விடிகாலையில் பார்த்தால் கேட்டு பூட்டியிருக்கிறது. மாமியார் கண் முழித்துச் சீருடை தைத்துவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். சாவி அவள் தலையணைக்கு அடியில். எழுப்ப அவனுக்கு மனசு வரவில்லை. பணிக்குத் தாமதமாகப் போனால் நேரே சிறைதான். மனைவியிடம் கையசைத்துச் சொல்லிவிட்டு, பின்பக்கச் சுவரில் ஏறிக் குதித்து, மூச்சிரைக்க ஓடிப்போய்ச் சரியான நேரத்துக்கு மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டான்.

அன்று மாலை மனமாற்றக் கூட்டம். வாரம் ஒருமுறை தண்டனைக்காரர்களையெல்லாம் உட்காரவைத்துப் பேச விடுவார்கள். அந்த வாரம் வெளியூர்த் துறைகளிலிருந்து விருந்தினர்கள் வந்திருந்தார்கள். இயக்குநர் வேட்டையாடிய மிருகத்தைக் காட்டுவதுபோல் பைப்புவைக் காட்டினார். "எங்க முறையோட சிறந்த உதாரணம். ஒரு நாள்கூடப் பிசகாதவன். எங்கே, நேத்து விடுமுறைய எப்படிக் கழிச்சேன்னு சொல்லு."

பைப்பு ஒலிபெருக்கி முன்னால் வந்து நின்றான். முகமெல்லாம் பல்.

"நேத்து மாமியார் வீட்ல இருந்தேன் சார்."

அறையில் உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஜேப்படி, பூட்டுடைப்பு என்று பழகியவர்கள். அவர்களுக்கு மாமியார் வீடு என்றால் ஒரே ஒரு இடம்தான், ஜெயில். குபீர் என்று சிரிப்பு கிளம்பியது. பிளேடு என்கிற ஜேப்படிக்காரன் விசிலே அடித்துவிட்டான். சிரிப்புக்குக் காரணம் புரிந்ததும் பைப்பு சொன்னான்: "ஐயோ, அது இல்லடா. நிஜ மாமியார் வீடு."

இயக்குநரின் முகம் மாறிவிட்டது. "என்கிட்டயேவா?" என்றார். "குற்றவாளிகளோட பாஷையில ஆராய்ச்சி பண்ணிப் பட்டம் வாங்கினவன் நான். மாமியார் வீடுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? எத்தனை நாள் இருந்தே?"

"ஒரு நாள்தான் சார். இன்னும் கொஞ்ச நாள் இருங்கன்னாங்க. பணி இருக்குன்னு வந்துட்டேன்."

"சோதனை போட்டாங்களா?"

"பையைப் பார்த்தாங்க சார். எப்பவும் பார்ப்பாங்க."

"போனு?"

"வாங்கி வெச்சுக்கிட்டாங்க. வேலையும் கொஞ்சம் குடுத்தாங்க. ஆனா சாப்பாடு மட்டும், சும்மா சொல்லக் கூடாது சார், இவ்வளவு நாள்ல நேத்துத்தான் வயிறாரப் போட்டாங்க."

"வெளிய எப்படி வந்தே?"

வெகுளி மனுஷன், இங்கேயாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "கேட்டு பூட்டியிருந்துச்சு சார். எல்லாரும் தூங்கிட்டிருந்தாங்க. பணிக்கு லேட்டாகக் கூடாதேன்னு சுவர் ஏறிக் குதிச்சு வந்துட்டேன்."

விருந்தினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நன்னடத்தை அலுவலர் இயக்குநரின் காதருகே குனிந்தார். "சார், அவன் சொல்றது அவனோட பொண்டாட்டியோட அம்மா வீட்டை சார்."

"உங்களுக்குக் கலைச்சொல் தெரியாது, பேசாம இருங்க" என்றார் இயக்குநர்.

அடுத்த நாளே சிறை உடைப்பு பற்றி அமைச்சருக்கு அறிக்கை போய்விட்டது. இயக்குநருக்கு உள்ளூர ஒரு கொண்டாட்டம். ஆள் பிசகியது உண்மை. ஆனால் பிசகியது கீழ்த்தளத்தின் கையில் இருந்தபோது. கீழ்த்தளத்துச் சிறைக் கண்காணிப்பாளர் படியேறி வந்தார், பல வருஷங்களுக்குப் பிறகு.

"என் சிறையிலிருந்து இதுவரைக்கும் ஒருத்தனும் தப்பிச்சதில்ல" என்றார்.

"இவன் தப்பிச்சிருக்கானே."

"தப்பிச்சவன் எவனும் என் கைதி இல்ல. எவன் தப்பிக்கிறானோ அந்த நிமிஷமே அவன் பேரை எடுத்துடுவோம். அதனாலதான் யாரும் தப்பிச்சதில்ல."

"அப்ப இவனை நீங்க விடுதலை பண்ணீங்களா?"

"உள்ளயே வராதவனை எப்படி விடுதலை பண்றது?"

"விடுதலை பண்ணலைன்னா இன்னும் உள்ளதானே இருக்கணும்?"

"இருக்கணும்தான்."

"அப்ப வெளிய நிக்கிற இவன் யாரு?"

இருவரும் பைப்புவைப் பார்த்தார்கள். அவன் தன்னையே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டான்.

மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "எங்கம்மா வீடு சார். பேருந்து நிலையத்துக்குப் பின்னாடி தெரு. வந்து பாருங்க, தையல் மெஷின் ஓடுற சத்தம் வாசல்லயே கேக்கும்" என்று இரண்டு தளங்களிலும் மாறிமாறிச் சொன்னாள். கீழே, மேலே போகச் சொன்னார்கள். மேலே, இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நீ சொல்றது உண்மையாவே இருக்கலாம்மா. ஆனா அறிக்கை போயாச்சு. இந்தத் துறை ஆளைத்தான் திருத்தும், அறிக்கையைத் திருத்தாது."

விசாரணை அந்தப் பழைய நீதிபதியிடமே வந்தது. மாமியாரைச் சாட்சிக்கு அழைத்தார்கள். கழுத்தில் தையல் டேப்போடு வந்து நின்றாள்.

"உங்க வீட்டுக் கேட்டைப் பூட்டி வைப்பீங்களா?" என்று கண்காணிப்பாளர் கேட்டார். அவன் தப்பியது தன் சிறையிலிருந்து இல்லை, அந்த வீட்டிலிருந்துதான் என்று காட்ட வேண்டியிருந்தது அவருக்கு.

"பூட்டாம? ஊரான் துணி இருக்கு."

"ஜன்னல்ல கம்பி?"

"இருக்கு."

"வர்றவங்களைச் சோதனை போடுவீங்களா?"

"இவனை மட்டும். இல்லேன்னா குழாய் போயிடுமே."

"உங்க அனுமதி இல்லாம உள்ள இருக்கிறவங்க வெளிய போகலாமா?"

மாமியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. குடும்பம் நடத்தத் தெரியாதவள் என்று கேட்கிறானே என்று நினைத்துவிட்டாள். "என்னைக் கேக்காம என் வீட்லேருந்து ஒரு ஈ வெளிய போகாது. என்னன்னு நினைச்சீங்க?"

கண்காணிப்பாளர் உட்கார்ந்தார். நீதிபதி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். பூட்டு இருக்கிறது, கம்பி இருக்கிறது, சோதனை இருக்கிறது, வேலை வாங்குவது இருக்கிறது. சிறைக்கு இதற்கு மேல் சட்டம் ஒன்றும் கேட்கவில்லை. சட்டம் கேட்காததை நீதிபதி மட்டும் கேட்பாரா?

இந்த இடத்தில்தான் இரண்டு தளங்களுக்கும் ஒரே சமயத்தில் மூளை வேலை செய்தது. அதுவரை நடந்த எந்த அநியாயத்தையும்விட அதுதான் ஆபத்து. இயக்குநரும் கண்காணிப்பாளரும் தாழ்வாரத்தில் நின்று கொஞ்ச நேரம் குசுகுசுத்தார்கள். திரும்பி வந்து, கை கோக்காத குறையாக நீதிபதி முன் நின்றார்கள். அந்த வீட்டைக் கிளைச் சிறையாக அங்கீகரித்துவிடலாம். மிச்சத் தண்டனையை அவன் அங்கேயே கழிக்கட்டும். சுவரேறிக் குதித்ததற்குக் கொஞ்சம் கூடவே கழிக்கட்டும். சிறைத் துறைக்கு ஒரு செங்கல் வைக்காமல் புதிதாக ஒரு சிறை. சமூகப் பணித் துறைக்கோ, ஆள் சமூகத்தின் நடுவிலேயே இருக்கிறான். இரண்டு அறிக்கைகளுக்கும் சேதமில்லை.

"சமூகத்திலும் இருப்பான், சிறையிலும் இருப்பான்" என்றார் நீதிபதி, தன் வாக்கியம் தனக்கே பிடித்துப்போய். "மாமியாரைச் சிறைக் காவலராக நியமிக்கிறேன்."

பைப்புவுக்குத் தலைகால் புரியவில்லை. மாமியார் வீட்டில் இருக்கச் சொல்கிறார்கள்! மனைவி இருக்கிறாள், மகன் இருக்கிறான், வயிறாரச் சோறு. நீதிபதியை விழுந்து கும்பிட்டான். மனைவிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அன்று சாயங்காலம் வரைக்கும்தான். கண்காணிப்பாளர் வீட்டுக்கு வந்து, வாசலில் ஒரு பலகையை மாட்டிவிட்டு, உள்ளே சுற்றிப் பார்த்தார். மனைவியையும் குழந்தையையும் பார்த்ததும் திடுக்கிட்டார்.

"இவங்க யாரு? இது ஆண்கள் சிறை. கைதியோட சேர்ந்து பெண்களும் குழந்தைகளும் தங்கக் கூடாது. பொழுது சாயறதுக்குள்ள வெளியேத்துங்க."

"என் வீட்டை விட்டு என் பொண்ணைப் போகச் சொல்ல நீ யாருடா?" என்றாள் மாமியார்.

"நீங்க இப்போ அரசு ஊழியர். மேலதிகாரிகிட்ட மரியாதையாப் பேசணும்."

போக வேறு இடம் இல்லை. பைப்பு பிடித்து வைத்திருந்த அறைக்கு மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். எந்த அறைக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அவன் காய்ந்த தரையை அத்தனை நாள் தேய்த்தானோ, அந்த அறையில், அவன் அடித்த சுண்ணாம்புக்கு நடுவில், அவன் வாங்கிய தொட்டிலில் குழந்தை தூங்கியது. அவன் மாமியார் வீட்டில் துணிக்கட்டுகளுக்கு நடுவில் விழித்துக் கிடந்தான். கிடைத்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் வைத்துத் திட்டினாலும் அந்தத் துறைக்குப் போதாது.

வாரம் ஒருமுறை பார்வை நேரம். மனைவி ஜன்னலுக்கு வெளியே தெருவில் நிற்பாள், அவன் உள்ளே. நடுவில் கம்பி. காவலர் உடன் இருக்க வேண்டும் என்பது விதி. மாமியார் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டு மூக்கைச் சிந்துவாள். குழந்தை கம்பிக்குள் கையை விட்டு அவன் மூக்கைப் பிடிக்கும்.

ஒரு நாள் பிற்பகல், தைத்துக்கொண்டிருந்த மாமியார் சட்டென்று மெஷினை நிறுத்தினாள்.

"மாப்ள, எனக்குத் தூக்கம் வருது. பின்னாடிச் சுவர் அங்கேயேதான் இருக்கு."

"குதிச்சா உங்களைப் பிடிச்சு உள்ள போட்டுருவாங்க அத்தை."

"போடட்டும். எனக்கென்ன, பால்குடிப் பிள்ளையா இருக்கு?"

"வேணாம் அத்தை. அப்புறம் உங்க பொண்ணு ரெண்டு வாசல்ல நிக்கணும்."

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது, தையல் மட்டும் கோணிக்கொண்டு போனது.

அடுத்த பார்வை நேரத்துக்கு இயக்குநரும் கண்காணிப்பாளரும் விருந்தினர்களை அழைத்துக்கொண்டு ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். கிளைச் சிறை முறையை மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோகிற யோசனை இருந்தது. மாமியார் உள்ள தண்டனைக்காரர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் நின்று இயக்குநர் உரையாற்றினார். "பழைய சிறைகள் மனிதனைக் குடும்பத்திலிருந்து பிரித்தன. நாங்கள் குடும்பத்துக்குள்ளேயே பிரித்து வைக்கிறோம்."

மனைவி அவர்களைக் கவனிக்கவில்லை. ஜன்னலோரமாய் ஒண்டி நின்று கணவனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை பேச ஆரம்பிச்சுட்டான்."

"என்ன சொல்றான்?" பைப்பு கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டான்.

"அப்பாங்கிறான்."

"நிஜமாவா? நான் இல்லாதப்பவுமா?"

"நீ இல்லாதப்பத்தான்." அவள் சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. "தெருவுல தூக்கிட்டுப் போறப்போ, எந்த வீட்டு ஜன்னல் கம்பியப் பார்த்தாலும் கையை நீட்டி 'அப்பா, அப்பா'ங்கிறான். ஆளு யாரும் இல்லேன்னாக்கூட."

குழந்தை அதைக் கேட்டோ என்னவோ, ஒரு கையால் கம்பியைத் தட்டி, "அப்பா" என்றது. பைப்புவைப் பார்த்துச் சொல்லவில்லை. கம்பியைப் பார்த்துத்தான் சொன்னது.

இயக்குநர் காதில் அது விழுந்துவிட்டது. மகிழ்ச்சியோடு விருந்தினர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? குடும்ப உறவு எவ்வளவு பலப்பட்டிருக்கு பாருங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.